மட்டக்கோடும் அலைவடிவமும்: வேற்றுக்கோள் ஒலிப்பதிவின் வளர்ச்சி குறித்த ஒரு மறுவாசிப்பு

வேற்றுக்கோள் ஒன்றின் தரையை ஒலிவாங்கி முதன்முதலில் தொட்ட நாள் 1978 டிசம்பர் 21. கோள் வெள்ளி; கலம் சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 12. எண்வரிசையில் முந்திய வெனேரா 11 நான்கு நாள் கழித்து, டிசம்பர் 25 அன்றுதான் இறங்கியது. ஆகவே 'வெனேரா 11, 12' என்று வழக்கமாக எழுதப்படும் வரிசை நிகழ்ச்சி வரிசை அன்று. இரு கலங்களும் 'குரோசா' என்னும் கருவியைச் சுமந்து சென்றன. ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு இடிமழை என்று பொருள். வெள்ளியின் மேகங்களில் மின்னல் உண்டா என்பதே கேள்வி. மின்னலைத் தேடத் தாழ் அதிர்வெண் வானொலி ஏற்பியும், இடியைத் தேட ஒலிவாங்கியும் அக்கருவியில் இணைக்கப்பட்டிருந்தன.

வானொலி ஏற்பியில் துடிப்புகள் ஏராளமாகக் கிடைத்தன. கருவியை வடிவமைத்த லியோனித் க்சன்ஃபோமாலிதி அவற்றை மின்னலென்று வாசித்து 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஒலிவாங்கியின் நிலை வேறு. கலம் வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது எழுந்த உரசல் இரைச்சலே அதன் பதிவில் மேலோங்கியது. இடியெனத் துணிந்து சுட்டத்தக்க எதுவும் தேறவில்லை. அவ்விரு கலங்களிலும் கேமரா மூடிகள் விடுபடாமல் போனதால் படம் ஒன்றுகூட வரவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கண் மூடியிருக்கச் செவி மட்டும் திறந்திருந்த கலங்கள் அவை. 1982-இல் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பதிவு என்பது எது

இத்துறையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் 'முதலில் கேட்டது யார்' என்ற கேள்வியைச் சுற்றியே எழுதினர். 1982-இன் வெனேராக்களை ஒரு சாரார் முன்வைப்பர். 2021-இன் செவ்வாய் ஊர்தியான பெர்சிவியரன்ஸை மறுசாரார் முன்வைப்பர். இரு சாராரும் 'பதிவு' என்ற சொல்லை ஒரே பொருளில் ஆள்வதில்லை என்பதே இவ்வழக்கு தீராததற்குக் காரணம்.

ஒலிவாங்கியிலிருந்து புவிக்கு வந்து சேர்வது மூன்றில் ஒன்று. முதலாவது ஒலிமட்டம்: குறித்த கணத்தில் ஓசை எவ்வளவு உரக்க இருந்தது என்னும் ஒற்றை எண். காலத்துக்கு எதிராக இவ்வெண்களை இட்டால் ஏறியிறங்கும் ஒரு கோடு கிடைக்கும். இரண்டாவது நிறமாலை: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்னும் பட்டியல். மூன்றாவது அலைவடிவம்: அழுத்தம் கணந்தோறும் எப்படி மாறியது என்பதன் முழுத் தடம். மட்டக்கோட்டைக் கொண்டு ஓசை எழுந்தது என்று மட்டும் சொல்லலாம். நிறமாலை இருந்தால் எவ்வகை ஓசை என்று சொல்லலாம். அலைவடிவம் கைக்கு வந்தால்தான் அதை மீண்டும் ஒலிக்கச் செய்யவும், ஓசை எழுந்த கணத்துக்கும் வந்துசேர்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கவும் இயலும். குறைந்த தொலையளவு வேகத்தில் பல கருவிகள் போட்டியிட்ட அன்றைய சூழலில் ஒலிக்கு ஒதுக்கப்பட்ட பங்கு மிகச் சிறிது. வெள்ளியிலிருந்து அச்சில் வெளியானது மட்டக்கோடு. டைட்டனிலிருந்து வந்தது நிறமாலை. மனிதச் செவிக்குரிய அதிர்வெண்களில் அலைவடிவம் 2021-இல்தான் வந்தது. இவ்வரிசையே இத்துறையின் உண்மையான வளர்ச்சி வரலாறு.

1982 மார்ச்சின் மட்டக்கோடு

வெனேரா 13 1982 மார்ச் 1 அன்றும், வெனேரா 14 மார்ச் 5 அன்றும் வெள்ளியில் இறங்கின. முன்னது 457 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் ஏறத்தாழ 89 வளிமண்டல அழுத்தத்திலும் 127 நிமிடம் தாங்கியது. திட்டமிட்டது 32 நிமிடமே. பின்னது 465 பாகையில் 57 நிமிடம் இயங்கியது. இரண்டிலும் திருத்தியமைக்கப்பட்ட 'குரோசா-2' இருந்தது. ஒலிவாங்கியோடு நில அதிர்வு உணரியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

அதன் ஒலிமட்டக் கோட்டில் இரு வகைச் செய்திகள் உள்ளன. ஒன்று, கலத்தின் சொந்தச் செயல்கள். கேமரா மூடி வெடிமருந்துப் பூட்டிலிருந்து விடுபட்ட கணத்தில் கூர்மையான எழுச்சி; துளையிடும் கருவி பாறையைக் குடைந்த நேரத்தில் நீடித்த எழுச்சி. மற்றொன்று, இவற்றுக்கு இடையே கோடு தாழ்ந்து கிடக்கும் பகுதிகள். அப்பகுதிகளிலும் மட்டம் முற்றிலும் அடங்கிவிடவில்லை.

க்சன்ஃபோமாலிதியும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் தாழ்பகுதிகளைத்தான் பொருளாகக் கொண்டது. எஞ்சிய மட்டம் காற்று ஒலிவாங்கியைக் கடக்கும்போது எழுந்தது என்பதும், அதைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணிக்கலாம் என்பதும் அவர்கள் வாசிப்பு. கிடைத்த வேகம் விநாடிக்கு அரை மீட்டரை ஒட்டியது. இரு தளங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மீட்டர் வரை. அக்கட்டுரையில் எழுச்சிகள் விலக்கப்பட வேண்டிய குறுக்கீடுகள்; தாழ்பகுதியே செய்தி. பின்வந்தோர் பலரும் இந்த வாசிப்பை அப்படியே எடுத்தாண்டனர். வெள்ளியின் தரைக்காற்று பற்றிய அட்டவணைகளில் அவ்வெண் இன்றும் இடம்பெறுகிறது.

எண் தவறு என்று இங்கே வாதிடப்படவில்லை. 1975 அக்டோபரில் இறங்கிய வெனேரா 9, 10 கலங்களின் கிண்ணக் காற்றுமானிகள் முறையே 0.4–0.7, 0.8–1.3 மீட்டர் வேகங்களைக் காட்டின. நேரடியாகச் சுழன்று அளந்த கருவிகள் அவை. வரிசை அளவில் அரை மீட்டர் என்பது பொருந்தவே செய்கிறது. கேள்வி வேறு: காற்றுமானி முன்பே சொன்னதற்கு மேலாக மட்டக்கோடு எதையாவது நிறுவுகிறதா? மூன்று காரணங்களால் இல்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

முதல் காரணம் அளவுத்திருத்தம் பற்றியது. ஒலிமட்டத்தைக் காற்றின் வேகமாக மாற்ற, தெரிந்த வேகத்தில் காற்றை ஓடவிட்டு ஒலிவாங்கி என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளித் தரையில் வாயுவின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 65 கிலோ, புவியில் 1.2 கிலோ. இயங்கு அழுத்தத்தை மட்டும் ஒப்பிட்டால், வெள்ளியில் விநாடிக்கு அரை மீட்டர் காற்று புவியில் 3.7 மீட்டர் காற்றுக்குச் சமம். காற்று ஒரு பொருளைச் சுற்றி எப்படிச் சுழித்தோடுகிறது என்பதைத் தீர்மானிப்பது ரெனால்ட்ஸ் எண்; அதை ஒப்பிட்டாலோ அதே அரை மீட்டர் புவியில் ஏறத்தாழ 15 மீட்டர் காற்றுக்குச் சமம். ஓசையின் உரம் முன்னதைப் பொறுத்தது. சுழிப்பின் வடிவம் பின்னதைப் பொறுத்தது. புவிக்காற்று ஓடும் காற்றுச் சுரங்கத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த இயலாது. அழுத்தமூட்டிய அடர்வாயுவில் சோதித்தால் ஒழிய இவ்விடைவெளி மூடாது. நிறமாலை இருந்திருந்தால், சுழிப்பின் அதிர்வெண்ணை வைத்து எது சரியென்று பின்னாளில் சரிபார்த்திருக்கலாம். மட்டக்கோட்டில் அதற்கு வழியில்லை.

இரண்டாவது காரணம் கலத்தின் உள்ளோசை. இறங்கிய பிறகும் கலத்துள் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன. கூடு சூடேறி விரிந்துகொண்டிருந்தது. தாழ்பகுதியில் எஞ்சிய மட்டத்தில் இவற்றின் பங்கு எவ்வளவு என்பதை ஒற்றை எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. காற்றுக்கு ஏற்ப மட்டம் ஏறியிறங்கியது என்று சொல்ல வேண்டுமென்றால், அந்தக் காற்றைத் தனியே அளந்த மற்றொரு கருவி அருகில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

மூன்றாவது காரணத்துக்கு நேரடிச் சான்று குறைவு, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. கலம் தன்னைச் சுற்றித் தானே காற்றை உண்டாக்கியிருக்கலாம். இறங்கும் முன் குளிரூட்டப்பட்ட கலம் சூழலைவிடக் குளிர்ந்தது. குளிர்ந்த சுவரைத் தொட்ட வாயு கனத்துக் கீழே வழியும். வாயு சூழலைவிடப் பத்துப் பாகை மட்டுமே குளிர்ந்தது என்றும், வழியும் உயரம் ஒரு மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், வெள்ளியின் ஈர்ப்பில் அவ்வழிவின் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டரை நெருங்கும். இது தோராயக் கணக்கே. ஆனால் 1983-இன் கட்டுரை காற்று என்று சொன்ன வேகத்தின் வரிசைக்கே இது வந்து நிற்கிறது. இதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். கலத்தின் வெளிப்புறக் காப்புறை விரைவில் சூடேறியிருக்கும்; அப்படியானால் இவ்விளைவு தொடக்க நிமிடங்களுக்கு மட்டுமே பொருந்தும். வெனேரா 13-இன் 127 நிமிடப் பதிவில் தாழ்மட்டம் படிப்படியாகத் தணிந்ததா, தணியாமல் இருந்ததா என்பதே இதைத் தீர்க்கவல்ல சோதனை. தணிந்திருந்தால் வழிவு; தணியாதிருந்தால் காற்று. அச்சான படத்தின் அளவில் இவ்வளவு நுண்மையைக் கண்ணால் துணிவது நேர்மையாகாது.

க்சன்ஃபோமாலிதியின் பிற்கால எழுத்துகளை வைத்து 1983-ஐ எடைபோடுவோரும் உளர். 2012-இல் அவர் வெனேரா 13-இன் படங்களை மீண்டும் ஆராய்ந்து, இடம் மாறும் உருவங்கள் தெரிவதாகவும் அவற்றுள் ஒன்று தேளைப் போன்றது என்றும் எழுதினார். விடுபட்டு விழுந்த கேமரா மூடிகளும் படச்செய்தியில் கலந்த இரைச்சலும் அவ்வாறு தோன்றின என்பதே பிறர் கருத்து, அதுவே ஏற்கத்தக்கது. ஆனால் அதைக் காட்டி முந்திய கட்டுரையைத் தள்ளுவது முறையன்று. 1983-இன் கட்டுரை கருவியை உருவாக்கியவர்கள் உடனடியாக எழுதியது. அதன் குறை எண்ணத்தின் குறையன்று, தரவின் வகையால் வந்த குறை. இரைச்சலில் செய்தி தேடும் மனப்போக்கு இரண்டிலும் பொது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது.

சரியான வாசிப்பு, அக்கட்டுரை ஒதுக்கிய எழுச்சிகளிலிருந்து தொடங்க வேண்டும். துளையிடும் கருவி எப்போது இயங்கியது, மூடி எப்போது விடுபட்டது என்பவை கலத்தின் கட்டளை வரிசையிலிருந்து தனியே தெரிந்தவை. எழுச்சியின் காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. முந்தைய இரு கலங்களில் விடுபடாத மூடிகள் இம்முறை விடுபட்டன என்பதற்குப் படத்தைப் போலவே ஒலியும் சான்று. வெனேரா 14-இல் ஒரு மூடி, மண்ணின் உறுதியை அளக்க நீட்டப்பட்ட கையின் கீழேயே போய் விழுந்தது. கை மண்ணுக்குப் பதில் மூடியை அளந்தது. பலரும் நகைப்புக்காகச் சொல்லும் இந்த நிகழ்ச்சிக்கு ஒலியாய்வில் தனி மதிப்பு உண்டு: வெள்ளியின் வாயுவில் எழுந்த ஓசைகளுள் மூலம், இடம், பொருள் மூன்றும் அறியப்பட்ட மிகச் சிலவற்றுள் மூடியின் ஓசையும் ஒன்று.

மற்றொரு கோணமும் உண்டு. வாயுவின் அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது அதன் ஒலித் தடை. அதிரும் பொருள் ஒன்று வாயுவில் எவ்வளவு அழுத்தம் எழுப்பும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. கிலோ, மீட்டர், விநாடி அலகுகளில் புவிக்கு இது சுமார் 410, வெள்ளித் தரைக்கு ஏறத்தாழ 27,000, செவ்வாய்க்கு வெறும் 5. ஒரே துளையிடும் கருவி ஒரே விதமாக அதிர்ந்தால், புவியில் எழுப்பும் அழுத்தத்தைப் போல 65 மடங்கு வெள்ளியில் எழும். செவ்வாயில் 80-இல் ஒரு பங்குதான் எழும். வெள்ளியில் எந்திர ஓசை கோட்டை மூடிக்கொண்டதற்கும், பின்னாளில் செவ்வாயில் ஒலிவாங்கி பழுதோ என்று ஆய்வாளர்கள் ஐயுற்றதற்கும் காரணம் ஒன்றே.

டைட்டனும் தொலைந்த ஒலிவாங்கிகளும்

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்கியது. டைட்டன் கோளன்று, ஆயினும் அடர்ந்த வளிமண்டலம் உடையதால் இவ்வரலாற்றில் அதற்கு இடமுண்டு. மார்ச்செல்லோ ஃபுல்கினோனி தலைமையில் உருவான கருவித் தொகுதியில் ஒலிவாங்கி இருந்தது. அது அனுப்பியது நிறமாலை. இறங்கும்போது கேட்டது என ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட ஒரு நிமிட ஒலி, வெவ்வேறு நேரத்து நிறமாலைகளிலிருந்து ஆய்வுக்கூடத்தில் மீட்டுருவாக்கப்பட்டது. முகமையே அதை மறைக்காமல் சொன்னது. அதனுடன் வெளியான மற்றொரு கோப்பு ஒலியே அன்று, ரேடார் எதிரொலிகளைச் செவிக்கேற்ப மாற்றியது. பரவலாகப் பகிரப்படும்போது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. அதே கலத்தில் ஜான் சார்னெக்கி தலைமையிலான தரையாய்வுத் தொகுதி, உணரிகளுக்கிடையே துடிப்பை அனுப்பி டைட்டன் வாயுவில் ஒலியின் வேகத்தை நேரடியாக அளந்தது. தெரிந்த ஓசையைத் தானே எழுப்பி அதைக் கொண்டு வாயுவை அறியும் முறைக்கு, வேற்றுலகில் இது முன்மாதிரி. வெள்ளியில் தவறவிட்டது இதைத்தான்.

செவ்வாய்க்குப் போக முயன்ற முதல் ஒலிவாங்கி வந்த வழி சுவையானது. 1996-இல் கார்ல் சேகன் நாசாவுக்கு எழுதிய கடிதத்தில், சில நிமிட ஓசையாவது பதிவு செய்யப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். கோள்கள் கழகம் உறுப்பினர் நிதியில் பணம் திரட்ட, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விண்ணறிவியல் ஆய்வகம் கருவியை உருவாக்கியது. எடை சுமார் 50 கிராம். ரஷ்யாவின் விண்வெளி ஆய்வு நிறுவனம் செய்த லைடார் கருவிக்குள் அது பொருத்தப்பட்டது. 1999 டிசம்பர் 3 அன்று மார்ஸ் போலார் லேண்டர் தொடர்பிழந்தபோது அதுவும் போயிற்று. 2008 மே 25 அன்று இறங்கிய ஃபீனிக்ஸில் இறங்குகால கேமராவோடு ஒலிவாங்கி இருந்தும், தரையிறக்கத்துக்கு ஆபத்து விளையலாம் என்று இறங்கும்போது அது இயக்கப்படவில்லை. ஒலிவாங்கியோடு செல்லவிருந்த, பிரான்ஸ் திட்டமிட்ட நெட்லேண்டர் கைவிடப்பட்டது.

செவ்வாய்: எந்திரமே அளவுகோல்

2018 நவம்பர் 26 அன்று இறங்கிய இன்சைட்டில் ஒலிவாங்கி என்று பெயரிட்ட கருவி எதுவும் இல்லை. ஆனால் டிசம்பர் 1 அன்று அதன் காற்றழுத்த உணரியும் நில அதிர்வுமானியும் காற்றைப் பதிவு செய்தன. அதிர்வுமானி இன்னும் தரையில் வைக்கப்படவில்லை. கலத்தின் மேல்தளத்திலேயே இருந்தது. விநாடிக்கு 5 முதல் 7 மீட்டர் வேகத்தில் வீசிய காற்று சூரியத் தகடுகளை அதிரச் செய்ய, அவ்வதிர்வு கலத்தின் வழியே கருவியை அடைந்தது. அழுத்த உணரியின் பதிவு மனிதச் செவிக்கு எட்டாத தாழ் அதிர்வெண்ணில் இருந்ததால் நூறு மடங்கு விரைவாக்கி வெளியிடப்பட்டது. இதைச் செவ்வாயின் முதல் ஒலிப்பதிவு என்று கொள்ளலாமா? அகவொலியையும் ஒலியெனக் கொண்டால் கொள்ளலாம். 2022-இல் வெளியான பெர்சிவியரன்ஸ் கட்டுரை தனக்கு முன் செவ்வாயின் ஒலிச்சூழல் அறியப்படாதது என்று சொன்னது செவிக்கு எட்டும் அதிர்வெண்களைப் பொறுத்தவரையே சரி. அதே இன்சைட், 2021 செப்டம்பர் 5 அன்று விண்கல் ஒன்று மோதியபோது எழுந்த அகவொலியையும் நில அதிர்வையும் சேர்த்துப் பதிந்து, மோதிய இடத்தைக் கண்டறிய உதவியது.

பெர்சிவியரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. இரு ஒலிவாங்கிகள். ஒன்று டென்மார்க்கின் டிபிஏ நிறுவனம் கடையில் விற்கும் வகை. இறங்கும் ஓசையைப் பிடிக்க வைத்தது, ஆனால் இறங்கும்போது எதையும் பதியவில்லை. பிப்ரவரி 20 அன்று அது ஊர்தியின் இரைச்சலையும் அதனிடையே ஒரு காற்று வீச்சையும் பதிந்தது. மற்றொன்று துலூஸ் நகரத்து ஐசே-சுப்பேரோ நிறுவனம் உருவாக்கி, சூப்பர்கேம் கருவியின் கம்பத்தில் சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் பொருத்தியது. அதன் முதல் பதிவு பிப்ரவரி 19-இனது. எது முதல் என்பதில் வெளியீடுகள் ஒன்றுபடவில்லை. செவ்வாய் நாளைப் புவி நாளாக மாற்றுவதும், பதிந்த நாளையும் வெளியிட்ட நாளையும் ஒன்றாக்குவதும் குழப்பத்தை வளர்த்தன.

டிபிஏ ஒலிவாங்கியின் முதல் பதிவு இரு வடிவில் வெளியானது: உள்ளது உள்ளபடி ஒன்று, ஊர்தியின் இரைச்சலை வடிகட்டி மற்றொன்று. வெள்ளிக் கட்டுரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன் எதிர்கொண்ட அதே சிக்கல் இது. ஆனால் அலைவடிவம் கையில் இருந்ததால் வடிகட்ட முடிந்தது. அப்போதும் முழுத் தெளிவு கிட்டவில்லை. 2021 மார்ச் 7 அன்று ஊர்தி 27 மீட்டர் நகர்ந்தபோது சக்கரங்களின் கிறீச்சோடு கூரிய உராய்வொலி ஒன்றும் பதிந்தது. அது மின்குறுக்கீடா, ஊர்தியின் ஏதோ உறுப்பின் ஓசையா என்று பொறியாளர்கள் ஆராய வேண்டியிருந்தது.

சூப்பர்கேம் குழு வேறு வழியில் நடந்தது. சில்வெஸ்டர் மோரிஸ், ரோஜர் வீன்ஸ், டேவிட் மிமூன், பாப்டிஸ்ட் ஷீட் முதலியோர் எந்திரத்தின் ஓசையை விலக்காமல் அதையே அளவுகோலாக்கினர். சூப்பர்கேமின் லேசர் கதிர் பாறையைத் தாக்கும்போது சிறு வெடிப்பொலி எழும். கதிர் புறப்பட்ட கணம் துல்லியமாகத் தெரியும்; பாறையின் தொலைவும் தெரியும். 2021 மார்ச் 2 அன்று 3.1 மீட்டர் தொலைவிலிருந்த மாஸ் என்ற பாறையில் 30 முறை தாக்கியபோது எழுந்த சொடுக்குகள் ஏறத்தாழ 12 மில்லி விநாடியில் ஒலிவாங்கியை அடைந்திருக்கும். இத்தகைய அளவீடுகள் பலவற்றைத் தொகுத்து ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் என்று கணித்தனர். ஏப்ரல் 30 அன்று இஞ்சனுவிட்டி வானூர்தி நான்காம் முறை பறந்தபோது அதன் சுழலி எழுப்பிய 84 ஹெர்ட்ஸ் முனகல் 80 மீட்டர் தொலைவுக்கும் அப்பாலிருந்து கேட்டது. சுழலி நிமிடத்துக்கு 2,537 சுற்று, இலைகள் இரண்டு. பெருக்கி விநாடிக் கணக்குக்கு மாற்றினால் வருவது அதே 84 ஹெர்ட்ஸ். மூலம் பற்றி ஐயமில்லை. வானூர்தி நெருங்கி விலகும்போது சுரம் மாறிய விதத்திலிருந்து வேகம் சுமார் 240 மீட்டர் என வந்தது.

இரு எண்களும் வேறுபடுவது பிழையன்று. கரியமில வாயு மூலக்கூறு ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தன் உள் அதிர்வாக ஏற்றுத் திருப்பித்தர நேரம் பிடிக்கிறது. மெல்லிய செவ்வாய் வாயுவில் அந்நேரம் நீண்டது. 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அதற்குக் காத்திருக்கிறது. மேலே காத்திராமல் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகமாகப் போய்விடுகிறது. இவ்வெல்லை அழுத்தத்தோடு உயரும். வெள்ளியில் அது மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குச் சென்றுவிடும்; ஆகவே செவிக்குரிய ஒலிகள் அனைத்துக்கும் அங்கே ஒரே வேகம், விநாடிக்குச் சுமார் 410 மீட்டர். இது கணக்கில் தெரிந்தது. வெள்ளித் தரையில் எவரும் அளந்ததன்று.

சீனாவின் சூரோங் ஊர்தியும் 2021 மே மாதம் இறங்கி, தளத்திலிருந்து சறுக்குப் பலகை வழியே இறங்கும் ஓசையைப் பதிந்தது. ஜூன் 27 அன்று வெளியான அப்பதிவு பெரும்பாலான வரலாறுகளில் விடுபட்டுப் போகிறது. அதிலும் கேட்பது எந்திரமே.

சூப்பர்கேமின் 2021 செப்டம்பர் 27 பதிவு இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அன்று சுமார் 25 மீட்டர் அகலமும் குறைந்தது 118 மீட்டர் உயரமும் உள்ள புழுதிச்சுழல் ஒன்று ஊர்தியின் மேலேயே கடந்து சென்றது. ஒலிவாங்கி இயங்கிக்கொண்டிருந்தது தற்செயல். நயோமி மர்டாக் குழு 2022-இல் அப்பதிவில் துகள்கள் மோதிய 308 ஓசைகளை எண்ணியது. அதே பதிவில் விளங்காத வலிய சமிக்ஞை ஒன்றும் இருந்தது. பின்னர் ஷீட் குழு அதையும் பிற பதிவுகளையும் சேர்த்து மறுபடி ஆராய்ந்து, 28 மணி நேரப் பதிவில் 55 மின்பொறிகளை அடையாளம் கண்டு 2025 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. புழுதி உரசி எழுந்த சிறு பொறிகள் அவை. ஒலிவாங்கியின் மின்சுற்றில் அவை ஏற்படுத்திய குறுக்கீடும், சிலவற்றில் தொடர்ந்து வந்த அதிர்வலையும் ஒரே அலைவடிவத்தில் அடுத்தடுத்து நின்றதால்தான் இவ்வாசிப்பு இயன்றது. மின்னலையும் இடியையும் சேர்த்துக் கேட்க 1978-இல் குரோசா புறப்பட்டது. அந்நோக்கத்தை நிறைவேற்றியது வேறு கோளில், வேறு நோக்கத்துக்காக வைத்த கருவி. வெள்ளியின் மின்னல் இன்றும் முடிவாகவில்லை. 1998, 1999 ஆண்டுகளில் வெள்ளியைக் கடந்த காசினி விண்கலம் உயர் அதிர்வெண்ணில் மின்னலின் அடையாளம் எதையும் காணவில்லை.

இவற்றை வைத்து 1982-இன் கோட்டைத் திரும்பப் படித்தால் முடிவு இவ்வாறு அமையும். காற்றின் வேகம் அரை மீட்டர் என்பது காற்றுமானியின் சான்றால் நிற்கிறது. ஒலியின் சான்றால் அன்று. துளையிடும் ஓசை, மூடியின் ஓசை இரண்டும் ஐயமற்றவை. ஆனால் மூலத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஓரிரு மீட்டரே இருக்க, அத்தொலைவை ஒலி கடக்க ஐந்து மில்லி விநாடி போதும். மட்டக்கோட்டின் கால நுண்மை அதை எட்டாது. அதனால் வெள்ளியில் ஒலியின் வேகத்தை அவற்றிலிருந்து பெற இயலாது. 'வெள்ளியின் ஒலி' என்று இன்று பரவும் ஒலிக்கோப்புகளை மூல அலைவடிவம் எனக் கொள்ள ஆதாரமில்லை. குரோசா-2-இன் மட்ட எண்கள் முழுவதும் நேரக்குறிப்போடு எண்ணிம வடிவில் வெளியாகுமானால், தாழ்மட்டம் 127 நிமிடத்தில் தணிந்ததா என்ற ஒரு கேள்வியையாவது முடித்துவிடலாம்.

நாசாவின் டிராகன்ஃபிளை 2028 ஜூலையில் புறப்பட்டு 2034-இல் டைட்டனை அடையத் திட்டமிடப்பட்டுள்ளது. அதன் வானிலைத் தொகுதியில் ஒலிவாங்கிகள் உண்டு. வெள்ளியின் தரையில் 1985 ஜூனில் வேகா 1, வேகா 2 கலங்கள் இறங்கிய பின் எந்தத் தரையிறங்கியும் இறங்கவில்லை.